தேவாலயப் படியில் நின்றவன்

1997 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியின் லைப்சிக் நகரம். அன்று உயிர்த்த ஞாயிறு, ஈஸ்டர் பெருநாள். திகதியை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. கனடாவுக்கு வந்த 1986ஆம் ஆண்டிலிருந்து நாளுக்கு அரைப் பக்கமாவது எழுதி வைப்பது என் பழக்கம். டொரொன்ரோவில், மல்வேர்னில் இருக்கும் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் அந்தக் கொப்பிகளை ஆண்டு வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். 1997ஆம் ஆண்டுக் கொப்பியில் உள்ள ஒரு வரியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஒரு நண்பன். 1982 முதல் இரண்டு ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் ஒரே வாடகை அறையில் இருந்தோம். அவனிடம் ஒரு சிற்றலை வானொலி இருந்தது. கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த என்னை, அந்த வானொலியின் இரைச்சலுக்கு நடுவே ஓர்கன் இசை கேட்க வைத்தவன் அவன்தான். லைப்சிக் என்ற ஊரின் பெயரையும், 1723 முதல் இறக்கும்வரை இருபத்தேழு ஆண்டுகள் ஓர் இசைமேதை அங்கே ஒரு தேவாலயத்தில் பணியாற்றினார் என்பதையும் அவன் சொல்லித்தான் அறிந்தேன். "ஒரு நாளைக்கு அங்கயே போய்க் கேப்பம் மச்சான்" என்பான். நான் சிரிப்பேன்.

காலம் எங்களைத் திசைக்கொருவராக எறிந்தது. நான் கனடா வந்தேன். அவன் பல நாடுகள் அலைந்து, கடைசியில் ஜெர்மனியில் ஓர் அகதி விடுதியில் வந்து விழுந்தான். விடுதி லைப்சிக்கிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரம். ஆனால் அது வேறு மாவட்டம். அகதி வழக்கு முடியும்வரை தன் மாவட்டத்தைத் தாண்ட அவனுக்கு அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். மூன்று வருடம் அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்தத் தேவாலயத்தின் வாசலை அவன் மிதித்ததில்லை.

அந்த மார்ச்சில் ஜெர்மனியின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் போக எனக்கு லீவு கிடைத்தது. அவனும் எப்படியோ ஞாயிறு ஒரு நாளுக்குக் கடிதம் எடுத்துவிட்டான். பெருநாள் என்பதால் அவனுக்கு பஸ் குறைவு. பன்னிரண்டு மணிக்கு வந்தால் ஒன்று இருபது ரயிலில் திரும்பியாக வேண்டும். எனக்கும் அன்று மூன்று மணிக்கு பிராங்பேர்ட் ரயில், மறுநாள் காலை விமானம். பன்னிரண்டு மணிக்குத் தேவாலயத்தில் அரை மணித்தியால ஓர்கன் வாசிப்பு இருப்பதை அவன் விசாரித்து வைத்திருந்தான். வாசலில் சந்திப்பது, உள்ளே போய்க் கேட்பது, பிறகு கதைப்பது. மொத்தம் ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும்.

புறப்படும்போது மனைவி கேட்டார். "அங்கத்த நேரமெல்லாம் வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம், ஆறு மணித்தியாலம் முன்னுக்கு. வசந்தத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் தள்ளுற பிரச்சினையும் இல்லை. அது ஏப்ரல் ஆறாம் திகதி. அதுக்கு முதல் நான் வந்திடுவன்."

"உங்களுக்குப் போய்ச் சொன்னன் பாருங்கோ" என்று சிரித்தார்.

சனி மாலை லைப்சிக்கில் இறங்கி, ஒரு வீட்டில் வாடகைக்கு அறை எடுத்தேன். ஞாயிறு காலை கைக்கடிகாரத்தைப் பார்த்து எட்டு மணிக்குச் சாப்பிடப் போனால், வீட்டுக்கார அம்மா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுவர் மணிக்கூட்டில் ஒன்பது. அவர் அதைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு ஜெர்மன் தெரியாது. மணிக்கூடு பழுது என்கிறார் போலும் என்று தலையாட்டிவிட்டு, நன்றி சொல்லிப் புறப்பட்டேன்.

நாலு மணித்தியாலம் கையில் இருப்பதாக நினைப்பு. ஆனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பன்னிரண்டு வருடம் பார்க்காதவனை அடையாளம் தெரியுமா, முதலில் என்ன சொல்வது என்றெல்லாம் மனம் கிடந்து அலைந்தது. மல்வேர்ன் நூலகத்தில் எடுத்த வழிகாட்டிப் புத்தகத்தில் அரைவாசித் தெருக்களின் பெயர் பழையது. கிழக்கையும் மேற்கையும் பிரித்த சுவர் விழுந்த பிறகு மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு மூலையிலும் நின்று பழைய பெயரையும் புதிய பெயரையும் எழுதினேன். 1556இல் கட்டிய பழைய நகரமண்டபத்தை இரண்டு தரம் சுற்றினேன். 1989இல் ஆட்சிக்கு எதிராக மக்கள் மெழுகுதிரியோடு திரண்ட இன்னொரு தேவாலயத்துக்குப் போய், இருந்த மர வாங்கில் ஐந்து நிமிடம்கூட இருக்க முடியாமல் எழும்பினேன். எங்கு பார்த்தாலும் கட்டிட வேலைச் சாரமும் பாரந்தூக்கியும். கடைகள் பூட்டிக் கிடந்த கூரையிட்ட நடைபாதைகளில் என் சப்பாத்துச் சத்தம் என்னையே துரத்தியது.

ஒரு கோபுரத்தில் மணி அடித்தது. எண்ணினேன். பதினொன்று. என் கடிகாரத்தில் பத்து. உடனே கொப்பியை எடுத்து எழுதினேன்: 'இந்நகரத்து மணிக்கூடுகள் நம்பத்தக்கவை அல்ல. பழைய ஆட்சிக் காலத்து அசட்டையாக இருக்கலாம்.' எழுதிய கையோடு அடுத்த தெருவுக்குள் புகுந்தேன்.

சரியாகப் பன்னிரண்டுக்கு, என் பன்னிரண்டுக்கு, அந்த இசைமேதையின் தேவாலயத்துக்கு வந்தேன். வாசலில் யாரும் இல்லை. கதவடியில் ஒரு முதிய பெண் தபாலட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். கறுத்த தோல், ஆசிய முகம், அவருக்கு அது போதுமாக இருந்திருக்க வேண்டும். தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், உன் நண்பன் ஒரு மணித்தியாலம் இந்தப் படியில் நின்றான், இப்போதுதான் ஸ்டேஷனுக்குப் போகிறான் என்றார். இல்லை, இப்போதுதானே பன்னிரண்டு என்று கடிகாரத்தை நீட்டினேன். அவர் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு மணி. பிறகு, குழந்தைக்குச் செய்வதுபோல, என் கடிகாரத் திருகியை இழுத்து முள்ளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

அப்போதுதான் விளங்கியது. வசந்தத்தில் மணிக்கூட்டை முன்னே தள்ளும் நாள் கனடாவில் ஏப்ரல் முதல் ஞாயிறு. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. அதாவது அன்று. நகரத்தின் எல்லா மணிக்கூடுகளும் சரி. நான் ஒருவன்தான் பிழை.

அந்தப் பெண் கடதாசிப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு மூலைவரை என்னோடு விரைந்து வந்து, போகவேண்டிய தெருவைக் காட்டினார். ஓடினேன். நாற்பத்தொரு வயதில், குளிர் கோட்டோடு, ஊரே திரும்பிப் பார்க்க ஓடினேன். திருத்த வேலை நடந்துகொண்டிருந்த அந்தப் பெரிய ஸ்டேஷனில் இருபதுக்கும் மேற்பட்ட மேடைகள். பலகையில் தேடிப் பிடித்து மேடைக்குப் போனபோது ஒன்று பதினைந்து.

ரயில் பெட்டி வாசலில் அவன் நின்றான். தலைமயிர் பாதி கொட்டியிருந்தது. சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

"டேய், உலகத்தில உள்ள திகதியெல்லாம் தெரியும் உனக்கு. இண்டைக்கு நேரம் மாறினது தெரியாதோ?"

"கனடாவில அடுத்த கிழமைதான்ரா மாத்திறது." மூச்சு வாங்கியது.

"ஓம் ஓம், கனடாக்காரர் வாறார் எண்டு ஜெர்மன்காரன் காத்திருக்கோணும்."

இருவரும் சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிக்க முடியவில்லை. "நீ உள்ள போய்க் கேட்டிருக்கலாமேடா. வாசிச்சவங்கள்தானே?"

"உள்ள போனா, நீ வந்து என்னைக் காணாமல் திரும்பிடுவாய். ஆக்கள் போய் வரேக்க கதவு திறக்கும், அப்பப்ப கேட்டனான். எனக்கு அது காணும்."

அவனோடு ஏறிவிடலாமா என்று யோசித்தேன். திரும்பி வர அடுத்த ரயில் நாலு மணிக்குப் பிறகுதான். அவன் கேட்டிருந்த நாதஸ்வர கசெட்டுகளைக் கையில் கொடுத்தேன். அவன் ஒரு பார்சலை என் கைக்குள் திணித்தான். விசில் அடித்தது. அவ்வளவுதான்.

திரும்பத் தேவாலயத்துக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது, அந்தப் பெண்ணும் போய்விட்டார். அவன் நின்ற படியில் இருந்து பார்சலை அவிழ்த்தேன். பிட்டும் முட்டைப் பொரியலும். இரண்டு பேருக்குக் கட்டியிருந்தான். இரண்டு கரண்டி வைத்திருந்தான்.

அந்தக் கோடையில் அவனை வடக்கே வெகுதூரத்தில் வேறொரு விடுதிக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு லைப்சிக் போக அவனுக்குக் கடிதம் கிடைக்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் மார்ச் கடைசி ஞாயிறு தவறாமல் அவன் தொலைபேசி வரும். "மச்சான், இஞ்ச மணிக்கூடு மாத்தியாச்சு. குறிச்சு வை." அவ்வளவுதான், போனை வைத்துவிடுவான். நானும் குறித்து வைக்கிறேன்.

மணிக்கூடுகளைப் பற்றி அன்று எழுதிய வரியை நான் வெட்டவில்லை. நான் சொல்வதுதான் சரி என்று உறுதியாகத் தோன்றும் வேளைகளில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் படித்துவிட்டு, எனக்காக வெளியே யாராவது நின்றுகொண்டிருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.