சுங்கை ரம்பாயில் கட்டிய படகு

செம்பனை எண்ணெய் ஆலையில் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் வேலை பார்த்த தோட்டத்து ஆள் ஒருவரிடம் சொந்தமாகப் பாய்மரப் படகு இருந்தது என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். தம்புசாமியின் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். அவர் கோபப்பட்டதில்லை. இயல்பிலேயே அதிகம் பேசாதவர்.

மலாக்காவில், மெர்லிமாவுக்கும் சுங்கை ரம்பாய்க்கும் நடுவே இருந்த தோட்டத்தில்தான் அவர் பிறந்தார். பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு ஆலைக்குள் போனவர், கொதிகலன் இரைச்சலிலேயே வயதைக் கடத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போய் லோரி, தண்ணீர் பம்ப் என்று எதையாவது ரிப்பேர் செய்து கொடுப்பார். அப்படித்தான் மலாக்கா ஆற்றின் முகத்துவாரத்தில் படகைக் கட்டிக்கொண்டு அதிலேயே குடியிருந்த ஓர் ஆஸ்திரேலியக் கிழவர் பழக்கமானார்.

கிழவரின் படகு எஞ்சின் நின்றுபோயிருந்தது. தம்புசாமி அதைச் சரிசெய்தார். சோதித்துப் பார்க்க இருவரும் கடலுக்குப் போனார்கள். கரை நன்றாகப் பின்தங்கியதும் கிழவர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பாயை ஏற்றினார். படகு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, சத்தமே இல்லாமல் ஓடத் தொடங்கியது. எந்திரம் உறுமாமல் எதுவும் நகராது என்று அதுவரை நினைத்திருந்த மனிதர் அவர். அன்று வீட்டுக்கு வந்தவர் கொடியில் காய்ந்த வேட்டி காற்றில் உப்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று அவருடைய மனைவி இருசம்மாள் சொல்வாள்.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் போய்வந்தார். பாய் கட்டவும், காற்றைப் பார்க்கவும், நங்கூரம் போடவும் பழகினார். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் கிழவருக்குப் பக்கவாதம் வந்தது. மகள் வந்து ஊருக்கு அழைத்துப் போகுமுன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி தம்புசாமியின் கையைப் பிடித்து, படகை நீ வைத்துக்கொள் என்றார். குழறலாகத்தான் சொன்னார். மகள்தான் விளங்கும்படி எடுத்துச் சொன்னாள்.

படகு கிடைத்துவிட்டது. கட்ட இடமில்லை. ஆற்றங்கரையில் வேலை நடக்கப்போகிறது, எல்லாப் படகுகளும் வெளியேற வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

இருசம்மாளின் தம்பி காளிமுத்து அதே தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினான். அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அக்காதான் அவனை வளர்த்தாள். அவளுக்கு வேறு பிள்ளையும் இல்லை. காளிமுத்துவுக்குக் கல்யாணமாகி, மனைவி ஜானகி, ஒரு பெண் குழந்தை என்று அடுத்த லயத்து வரிசை வீட்டிலேயே இருந்தான். படகின்மேல் தம்புசாமியைவிட அவனுக்குத்தான் ஆசை அதிகம்.

இருவரும் மோட்டார் சைக்கிளில் கடற்கரையோரமாக இடம் தேடிப் போனார்கள். கடல் வற்றிக் கிடக்கும் நேரமாகப் பார்த்துத்தான் தம்புசாமி போவார்.

"ஏன் மாமா, தண்ணி ஏறியிருக்கறப்ப வந்தா அழகா இருக்குமில்ல?" என்றான் காளிமுத்து.

"ஏறியிருக்கறப்ப எல்லா இடமும் நல்ல இடந்தான் மச்சான். வத்தறப்பதான் தெரியும்."

அந்தப் படகுக்கு அடியில் ஈயம் வைத்த நீளமான கட்டை ஒன்று உண்டு. மீன்பிடிப் படகுபோலச் சேற்றில் மட்டமாக உட்காராது; ஓர் ஆள் உயரத் தண்ணீராவது வேண்டும். உம்பாயில் பார்த்தார்கள். கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை சேறு. பூலாவ் பெசார் தீவின் உள்பக்கம் காற்றுக்கு நல்ல மறைவு. ஆனால் படகைப் பார்த்துக்கொள்ள அங்கே யாருமில்லை. மூவாரில் ஆழம் இருந்தது. ஆற்றின் இழுப்பு கயிற்றையே அறுத்துவிடும் போலிருந்தது.

கடைசியில் வடக்கே கோலா லிங்கிக்குப் போனார்கள். கடல் அடியோடு வற்றியிருந்த நேரம். அப்போதும் ஒரு பெரிய படகு நிதானமாக ஆற்றுக்குள் வந்துகொண்டிருந்தது. இரு கரையிலும் கண்டல் மரங்கள் காற்றைத் தடுத்து நின்றன. பாக் டின் என்ற மலாய் மீனவர், தன் கொட்டகைக்கு முன்னால் கட்டிக்கொள்ளலாம், கண் வைத்துக்கொள்கிறேன் என்றார். மேற்கே கையைக் காட்டி, அந்தப் பக்கமிருந்து மழையோடு திடீரென்று சுமத்ராக் காற்று வரும்போது ஓடிவந்து நுழைய ஒரு வாசல் வேண்டும், அது எந்த நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். தம்புசாமி தலையாட்டினார். அவர் மனதிலும் அதுதான் இருந்தது.

அன்று சாயந்திரம் வீட்டில் சொன்னபோது இருசம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"லிங்கியா? மலாக்காவத் தாண்டி அந்தக் கோடிக்கா? நீங்க ரெண்டு பேரும் கடல்ல இருக்கீங்களா, கரையில இருக்கீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அங்கதான் ஆழம் இருக்கு."

"சுங்கை ரம்பாய்ல ஆறு இல்லியா? இத்தன மீன் படகு நிக்குது. அங்க வைங்க. நானே சைக்கிள்ல வந்து பாத்துக்குவேன்."

"அந்த வாய்க்கால் வத்திப்போகும் இருசு. பாதி நேரம் உள்ள வர முடியாது."

"அப்ப தண்ணி ஏறுறவரைக்கும் வெளியில நில்லுங்களேன். என்ன அவசரம்? ஆபீஸுக்கா போறீங்க?"

காளிமுத்து சிரித்துவிட்டான். தம்புசாமிக்குப் பதில் இருந்தது. ஆனால் சுமத்ராக் காற்றைப் பற்றிச் சொன்னால் அவள் கடலுக்கே போகவிடமாட்டாள். அதனால் சரி என்றார். நல்ல நாளில் அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

படகு சுங்கை ரம்பாய்க்கு வந்தது. ஒரு வருஷம் எல்லாம் நன்றாகவே நடந்தது. காளிமுத்து படகு முழுவதையும் சுரண்டி நீலப் பெயிண்ட் அடித்தான். இருசம்மாள் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள், ஒருநாளும் ஏறியதில்லை. இருட்டுவதற்குள் இருவரும் வீடு வந்துவிடுவார்கள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம், ஆடி மாதம். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. ஞாயிற்றுக்கிழமை காலை ஜானகி பொங்கல் வைப்பதாக இருந்தாள். சனிக்கிழமை பூலாவ் பெசாருக்குப் போன இருவரும் முதல்முறையாக இரவு அங்கேயே தங்கிவிட்டு, பூசைக்குள் வீடு சேர்ந்துவிட வேண்டும் என்று விடியுமுன்பே கிளம்பினார்கள். சுங்கை ரம்பாய் முகத்துவாரத்துக்கு வந்தபோது வாய்க்கால் வற்றிக் கிடந்தது. சேறுதான் தெரிந்தது. தூரத்தில் கோயில் ஒலிபெருக்கியின் பாட்டு காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது.

"எஞ்சினப் போட்டு ஒரு தள்ளுல உள்ள போயிடலாமா மாமா? ஜானகி காத்திருப்பா."

"தண்ணி பத்தாது மச்சான். பொறு."

வெளியே நங்கூரம் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். காளிமுத்துதான் முதலில் மேற்கே பார்த்தான். வானத்தின் அடியில் கறுப்பாக ஒரு சுவர் எழும்பி நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பக்கத்தில் வந்தது. முதலில் குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் பட்டது. அடுத்து மழையும் காற்றும் சேர்ந்து அடித்ததில் கரை மறைந்துபோனது.

இளஞ்சேற்றில் நங்கூரம் பிடிக்கவில்லை. படகு பின்னால் இழுபட்டுச் சேற்றுமேட்டை நோக்கிப் போனது. தம்புசாமி எஞ்சினைப் போட்டுக் கடல் பக்கம் முன்னேற்றப் பார்த்தார். படகு முன்னேறியதும் நங்கூரக் கயிறு தொய்ந்து அடியில் போய் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. எஞ்சின் ஒரு குலுக்கலோடு நின்றது. லைப் ஜாக்கெட்டுகள் உள்ளே பலகைக்கு அடியில் இருந்தன. எடுக்க நேரமில்லை.

கயிற்றை இன்னும் விட்டால் நங்கூரம் பிடிக்கலாம் என்று காளிமுத்து முன்பக்கம் தவழ்ந்து போனான். "கம்பியப் பிடிச்சிக்க! கம்பியப் பிடிச்சிக்க!" என்று தம்புசாமி கத்தினார். அது அவனுக்குக் கேட்டதோ என்னவோ. படகின் அடிக்கட்டை மேட்டில் மோதியது. பாய்மரம் தண்ணீரைத் தொடும் அளவுக்குப் படகு சாய்ந்து விழுந்தது. அடுத்த அலை அதற்கு மேலேறிப் போனது. அலை வடிந்து பார்த்தபோது முன்பக்கத்தில் ஆள் இல்லை.

ஒருமுறை அவன் கை தெரிந்தது. அந்தப் பக்கம் கயிற்றை வீசினார். இழுத்தபோது கயிறு லேசாக வந்தது.

காற்று வந்த வேகத்திலேயே போய்விட்டது. வெயிலும் அடித்தது. தம்புசாமி நெஞ்சளவு தண்ணீரிலும் சேற்றிலும் இறங்கி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டபடி அலைந்ததை மீனவர்கள் பார்த்து வந்து தூக்கினார்கள். இரண்டு நாள் கழித்து மூவார் பக்கத்தில் காளிமுத்து கிடைத்தான்.

கருமாதி முடிந்ததும் ஜானகி குழந்தையோடு ரெம்பியாவில் இருந்த தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். படகை அடுத்த முறை தண்ணீர் ஏறியபோது மீனவர்களே மிதக்கவைத்துக் கரையில் கட்டிவிட்டார்கள். அதைக் கொளுத்திவிடு, அது ஆள் குடிக்கிற படகு என்று தோட்டத்தில் பலர் சொன்னார்கள். தம்புசாமி வேலைக்குப் போனார், வந்தார். இருசம்மாள் சோறு போட்டாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தீபாவளி வந்து போனது. ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லிடுங்களேன்."

"என்னத்த?"

"நான்தான் கிட்டத்துல வைக்கச் சொன்னேன்னு. ஒரு வாட்டி வாயால சொல்லிடுங்க. திட்டுங்க. நீங்க சொல்லாம இருக்கறதுதான் என்னால தாங்க முடியல."

"வெச்சது நான். ஓட்டுனது நான்."

"அது பதில் இல்லீங்க. லிங்கியில இருந்திருந்தா அவன் இருப்பானா, மாட்டானா? அத மட்டும் சொல்லுங்க."

தம்புசாமி பாதிச் சோற்றோடு தட்டை நகர்த்தினார். இல்லை என்று சொல்ல அவருக்கு வரவில்லை. ஆமாம் என்று சொல்லவும் முடியவில்லை. கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். மறுநாள் ஆலையிலிருந்து திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. இருசம்மாள் ரெம்பியாவுக்கு, ஜானகியின் வீட்டுக்குப் போயிருந்தாள். தம்பி பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனாளாம்.

மழைக்காலம் முடிந்ததும் தம்புசாமி தனியாகவே படகை ஓட்டிப்போய்க் கோலா லிங்கியில் கட்டினார். வாங்கிக்கொள்ளக் கேட்டு ஒருவர் வந்தார். கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று பாக் டின் கேட்டதற்கு, அந்த நீலப் பெயிண்டை இன்னொருவன் சுரண்டிவிடுவான் என்றார்.

தொண்ணூற்றேழில் தோட்டம் கைமாறியது. மரங்களைச் சாய்த்தார்கள், லயங்களை இடித்தார்கள். தம்புசாமி லிங்கிக்கே போய்விட்டார். பாக் டின்னின் கொட்டகையை ஒட்டி ஓர் அறை. மீன் படகுகளின் எஞ்சின்களைப் பார்த்துக் கொடுத்தார். சுமத்ராவில் காடு எரிந்த புகை அந்த வருஷம் வாரக்கணக்கில் கடலை மூடியிருந்தது. எதிர்க்கரை தெரியாது. அப்போதும் சனிக்கிழமை தோறும் மீன் வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ரெம்பியாவுக்குப் போவார். இருசம்மாள் வாசல் கேட்டுக்கு வந்து மீனை வாங்கிக்கொள்வாள். "சாப்பிட்டீங்களா?" என்பாள். "ஆச்சு" என்பார். திரும்பிவிடுவார்.

புகை போன பிறகு, ஒருநாள் மத்தியானம், ஜானகி தனியாகப் பஸ் ஏறி லிங்கிக்கு வந்தாள். தம்புசாமி ஓர் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாம்மா. புள்ளைக்கு ஏதும்…?"

"அவ நல்லா இருக்கா அண்ணே. படகப் பாக்கலாம்னு வந்தேன்."

படகின் முன்பக்கத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. பலகைத் துறையின் நுனிவரை போய் ஆற்றைப் பார்த்தபடி நின்றாள். மீன் படகு ஒன்று கடலிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

"இப்ப தண்ணி ஏறியிருக்கா, வத்தியிருக்கா?"

"வத்தியிருக்கு."

"வத்துனாலும் உள்ள வரலாமா?"

"வரலாம்."

"அன்னிக்கு நீங்க இங்க வெச்சிருந்தா?"

இந்தக் கேள்வி இருசம்மாளிடமிருந்து ஏற்கெனவே ஒருமுறை வந்திருந்தது. அப்போது அவர் எழுந்து போய்விட்டார். இம்முறை போகவில்லை.

"வந்திருப்போம்" என்றார்.

ஜானகி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மீன் படகைத் துறையில் கட்டி, ஆட்கள் கூடைகளை இறக்கி முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.

"அண்ணி ராத்திரில தூங்கறதே இல்ல அண்ணே. நான் கேட்டது கேட்டாச்சு. எனக்குப் போதும். அவங்க திரும்பக் கேட்டா இல்லன்னு சொல்லிடுங்க. எங்க வெச்சிருந்தாலும் அப்படித்தான் ஆயிருக்கும்னு சொல்லிடுங்க."

"பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லம்மா."

"இந்த ஒண்ண சொல்லுங்க. சொல்லமாட்டேன்னு அவங்கள இத்தன வருஷம் கொன்னது போதும்."

அவளை மஸ்ஜித் தானா டவுன்வரை கொண்டுபோய்ப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். பிரித்துப் போட்ட எஞ்சினை அன்று அவர் தொடவில்லை என்று பாக் டின் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை மீனை வாங்கிய இருசம்மாள் உள்ளே போகவில்லை. கேட்டின் அந்தப் பக்கமே நின்றாள்.

"ஜானகி அங்க வந்தாளாமே. என்ன கேட்டா?"

"நீ கேட்டதத்தான்."

"என்ன சொன்னீங்க?"

"லிங்கியும் வத்தற ஆறுதான்னு சொன்னேன். எங்க கட்டியிருந்தாலும் அன்னிக்கு வெளியிலதான் நின்னிருப்போம்."

சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள். அவருடைய குரல் அவளுக்குத் தெரியும். மீன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரி" என்றாள். கேட்டைத் திறந்தாள். "கொழம்பு வெச்சிருக்கேன். உள்ள வந்து சாப்பிட்டுப் போங்க."

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் அங்கே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். ஜானகியின் மகளுக்குப் பழுதான சைக்கிளைச் சரிசெய்து கொடுத்தார். இருசம்மாள் எப்போதாவது கடலைப் பற்றிக்கூடக் கேட்பாள்: காற்று எப்படி, மீன் கிடைக்கிறதா என்று. லிங்கிக்கு மட்டும் அவள் வரவே இல்லை. அவரும் கூப்பிடவில்லை.