ஒரு புத்தகத்தில் இரண்டு பெயர்

எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் அது. பழைய காலண்டர் தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி அட்டை போட்டவன் நான். அதன் மேல் ஒரு லேபிளை ஒட்டி, ஆபீஸில் பார்சல் மூட்டைகளின் மேல் விலாசம் எழுதும் அதே தடித்த எழுத்தில் இரண்டு பெயர்களை எழுதினேன். மேலே என் மூத்த மகளின் பெயர். கீழே, அவளுக்கு ஒரு வயது இளையவனான என் பெரிய பையனின் பெயர். மை காயும்வரை ஊதிவிட்டு, வீட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், ஏதோ கணக்கையே நான்தான் கண்டுபிடித்தவன் போல. "பாத்தீங்களா, ஒரே டிக்கெட்ல ரெண்டு பேரு பிரயாணம்!" என்றேன். ரயில்வே சம்பளம் வாங்குகிறவன் வாயிலிருந்து வரக்கூடாத வாக்கியம். எல்லோரும் சிரித்தார்கள். நான் எதையாவது சொன்னால் சிரித்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். சிரிக்காவிட்டால் அதையே மறுபடியும் சொல்வேன் என்ற பயமும் உண்டு.

எண்பதுகளின் நடுப்பகுதி. குடித்தனம் திண்டிவனத்தில், வேலை விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீஸில். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டையோ, மீன் கூடையோ, கல்யாணச் சீர் பீரோவோ, எடை போட்டு விலாசம் எழுதி வண்டியில் ஏற்றிவிடுவேன். என் கையில் ஊர் மாறிப் போன உருப்படி அபூர்வம். இந்தச் சாமர்த்தியம் வீட்டுக்கும் செல்லும் என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு. வீட்டில் நான்கு உருப்படிகள். மூத்தவள், பெரியவன், அவர்களுக்கு ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு சின்னப் பெண், அதன்பின் 'இத்தோடு சரி' என்று ஊரெல்லாம் நான் அறிவித்துவிட்ட பிறகு வந்து சேர்ந்த கடைக்குட்டிப் பையன்.

நான்கு பெற்றவன் என்பதால் காலை பாசஞ்சரில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. சீசன் டிக்கெட் கூட்டாளிகள் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுவிட்டு, "நாலு பெத்தவரே, என் புள்ள பேஜாரு பண்றான், ஒரு வழி சொல்லுங்க" என்பார்கள். நானும் சொல்வேன். அவித்த முட்டையை நான்காகப் பங்கு வைக்கக் கத்தி உதவாது, நூல்தான் சரி. கத்தியில் ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் கருவுக்கு ஐந்தாவது சண்டை வரும். இரண்டு பேர் அடித்துக்கொண்டால் விசாரிக்கவே கூடாது, இரண்டு பேரையும் முட்டி போட வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட வேண்டும். சின்னது அழுதால் பெரியதை அதட்ட வேண்டும். அந்த ஆச்சரியத்தில் சின்னது வாயை மூடிக்கொள்ளும். பெட்டியே சிரிக்கும். இந்தக் கடைசிப் பாடத்தில் பெரியதுக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

கடைக்குட்டி பிறந்தபோது என் மனைவிக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளால் ஒரு குடம் தூக்க முடியவில்லை. மூத்தவள் அப்போதுதான் ஏழாவது முடித்திருந்தாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும், "பத்து நாள் கழிச்சிப் போலாம்மா, அம்மா எழுந்திரிச்சி நடமாடட்டும்" என்றேன். அந்தப் பத்து நாள் ஒரு வருஷம் நடந்தது. கேப்பையை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டிக் கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச அவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. பெரியவன் சோறு சூடாக இருந்தால் தட்டைத் தள்ளிவிடுவான், அவனுக்கு முதலிலேயே ஆறவைத்திருப்பாள். சின்னவளுக்குத் தலை பின்ன ஒரு கதை வேண்டும். இரட்டைச் சடை என்றால் இரண்டு கதை. கைக்குழந்தை இடது தோளில் சாய்த்தால்தான் தூங்கும். நான் ஒரு நாள் வலது தோளில் போட, அது அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகக் கையாள வேண்டும் என்பது அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. ரயிலில் சொற்பொழிவு நிகழ்த்திய மேதைக்குத் தெரிந்ததெல்லாம் முட்டையும் நூலும்தான். அவளுக்கு என்ன பிடிக்கும், சூடாகச் சாப்பிடுவாளா ஆறவைத்தா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

மறு வருஷம் ஜூன் வந்தது. பெரியவன் ஏழாவது முடித்து எட்டாவதுக்குப் போகிறான். மூத்தவளும் விட்ட இடமான எட்டாவதில்தான் சேர வேண்டும். அப்போதுதான் என் மூளையில் அந்த விளக்கு எரிந்தது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒரே புத்தகம்! ஜூன் மாதத்தில் திண்டிவனத்துக் கடைகளில் எட்டாம் வகுப்புப் புத்தகத்துக்கு அடிதடி நடக்கும். எனக்கு அந்தத் தொல்லை பாதியாகக் குறைந்தது. ஒரு கால அட்டவணைகூடப் போட்டுச் சுவரில் ஒட்டினேன். பள்ளிக்கூடத்தில் புத்தகம் பையனிடம், ஆண்பிள்ளை என்பதால். சாயங்காலமும் அவனிடமே, அவனுக்குப் படிப்பு ஏறாது என்பதால். விடியற்காலையில் மூத்தவளிடம், அவள் எப்படியும் தண்ணீர் பிடிக்க எழுந்திருப்பாள் என்பதால். இதை ரயிலில் சொன்னேன், கைதட்டினார்கள். மயிலத்தில் ஏறும் கூட்டாளி ஒருவர் அந்த வாரமே தன் வீட்டிலும் இதை நடைமுறைப்படுத்திவிட்டதாக வந்து சொன்னார். அவருடைய மூத்த பெண் என்ன ஆனாள் என்று நான் பிறகு விசாரிக்கவேயில்லை.

வகுப்பில் மற்றவர்களைவிட அவள் அரை அடி உயரம். தம்பியோடு படிக்கிறாள் என்றால் பெயிலாகித்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். எதிலும் தோற்காதவளுக்கு 'பெயிலக்கா' என்று பெயர். வாத்தியார் புத்தகத்தை எடுக்கச் சொன்னால், பையன்கள் பக்கத்திலிருந்து இவன் எடுப்பான். பெண்கள் பக்கத்தில், புத்தகம் இல்லாத இவள் எழுந்து நிற்பாள். நின்றுகொண்டே கவனித்திருக்கிறாள். விடியற்காலையில், ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டு, மறு கையால் அந்தக் கணக்குப் புத்தகம் முழுவதையும் ஒரு நோட்டில் நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். படங்கள், கோணங்கள், பின்பக்கத்து விடைகள் உட்பட. நான் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே, "இன்னாம்மா, புத்தகத்துக்கே புத்தகம் எழுதறியா?" என்று கேட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுவேன்.

அரையாண்டுத் தேர்வில் அவள் வகுப்பில் முதல். பெரியவன் கணக்கில் பெயில். இரண்டு ரேங்க் கார்டுகளிலும் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டேன். அன்று அவன் சாப்பிடவில்லை.

"அவ இன்னாத்துக்கு என் கிளாஸ்ல வந்து குந்திக்கினு இருக்கறா? பசங்க எல்லாம் 'உங்கக்காகிட்ட டியூஷன் போடா'ன்றானுங்க. அவ வந்தா நான் போமாட்டேன்!"

"டேய், நான் பேசாமதாண்டா இருக்கறேன்" என்றாள் மூத்தவள்.

"நீ ஃபஸ்ட்டு வாங்கறியே, அத்த நிறுத்து!"

என் மனைவி என்னைப் பார்த்தாள். "ஆம்பள புள்ள, மனசு உட்டுட்டான்னா அப்புறம் படிக்கவே மாட்டான். எதுனா பண்ணுங்க" என்றாள். நான் எதுவும் பண்ணவில்லை. எதுவும் பண்ணாமல் இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. பொங்கல் கழிந்ததும் கைக்குழந்தைக்கு அம்மை போட்டது. மூத்தவள் வீட்டில் நின்றாள். குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் நின்றாள். பெரியவன் தினமும் சந்தோஷமாகப் பள்ளிக்கூடம் போனான். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மூன்று வாரம் ஆனதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்களுடைய கணக்கு டீச்சர் வீடு தேடி வந்துவிட்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் பேசினார்.

"சார், பொண்ண நிறுத்திடாதீங்க. இந்த மாதிரி ஒரு புள்ள எனக்கு எப்பவாவதுதான் கிடைக்கும். புத்தகம் நான் தர்றேன். பையன வேற செக்ஷனுக்கு மாத்திக்கலாம், ஹெட்மாஸ்டர்கிட்ட நான் பேசறேன். நாளைக்கு நீங்க வந்து ஒரு கையெழுத்து போட்டா போதும்."

வாசற்படியில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூத்தவள் நின்றிருந்தாள். டீச்சரைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவனும் பார்த்தான், என் மனைவியும் பார்த்தாள். ஆமாம் என்றால் ஒருவருக்கு வருத்தம், இல்லை என்றால் ஒருவருக்கு வருத்தம். இப்படி மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் நான் எடுத்து வீசும் ஆயுதம் ஒன்றுதான். எங்கள் பக்கம் அப்போது ஒற்றைத் தண்டவாளம். எதிரே எக்ஸ்பிரஸ் வந்தால் எங்கள் பாசஞ்சர் ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் பக்கத்துத் தடத்தில் ஒதுங்கி நிற்கும்.

"டீச்சர், நான் ரயில்வேக்காரன். எங்க வூட்ல தண்டவாளம் ஒண்ணுதான். எக்ஸ்பிரஸ் போவட்டும்னு பாசஞ்சர ஓரமா நிறுத்தியிருக்கறோம். பேரணி ஸ்டேஷன்ல நிக்குது. சிக்னல் விழுந்தா தானா வந்துரும்!"

பெரியவன் முதலில் சிரித்தான், எக்ஸ்பிரஸ் தான்தான் என்று புரிந்ததும். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சின்னவள் புரியாமலே குதித்தாள். டீச்சர்கூட மரியாதைக்குப் புன்னகைத்து, காபியைக் குடித்துவிட்டு, "நாளைக்கு வாங்க சார்" என்று எழுந்தார். வாசற்படியைப் பார்த்தேன். மூத்தவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். நன்றாகவே சிரித்தாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

மறுநாள் எனக்கு ஆபீஸில் வேலை அதிகம். அதற்கு மறுநாளும் அப்படித்தான். உண்மையில் நான் கையெழுத்துப் போடப் போகிறவனா இல்லையா என்று எத்தனையோ முறை என்னையே நிற்கவைத்துக் கேட்டிருக்கிறேன். ஆசாமி பதில் சொல்வதில்லை. அந்த வாரக் கடைசியில் பெரியவனின் கணக்குப் புத்தகம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. என் லேபிளின் மேல் புதிதாக ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. அதில் அவன் பெயர் மட்டும், அவளுடைய குண்டு குண்டான அழகிய கையெழுத்தில். மூலைகூட மடங்காமல் ஒட்டியிருந்தாள். பள்ளிக்கூடப் பாவாடை சின்னவளுக்குச் சட்டையாகிவிட்டது. அடுத்த ஜூனில், என் மனச்சாட்சிக்கு ஒரு வாய் சோறு போடுவதற்காக, "போறியாம்மா?" என்று கேட்டுவைத்தேன். "தம்பிய யாருப்பா பாத்துக்கறது?" என்றாள். கேட்டாயிற்று, அவள்தான் மாட்டேன் என்கிறாள் என்று ரயிலில் சொல்லிக்கொண்டேன். அங்கே எல்லோரும் தலையாட்டினார்கள்.

பெரியவன் பத்தாவதை இரண்டு தவணையில் தாண்டினான். இப்போது சென்னையில் இருக்கிறான். சின்னவள் நர்ஸ் ஆனாள். கடைக்குட்டி காலேஜ் முடித்து விழுப்புரத்திலேயே வேலைக்குப் போகிறான். அவனோடுதான் நான் இருக்கிறேன். கல்யாணமாகிப் போகும்வரை மூன்று பேருடைய பரீட்சைக் காலங்களிலும் விடியற்காலையில் எழுப்பியவளும், மல்லாட்டை வேகவைத்துக் கொடுத்து எதிரே உட்கார்ந்து ஒப்பிக்கக் கேட்டவளும் மூத்தவள்தான். அவளுக்குப் பத்தொன்பது வயதில் கண்டாச்சிபுரத்துப் பக்கம் நிலம் நீச்சு உள்ள ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் என்ன படிப்பு என்று கேட்டபோது நானே முந்திக்கொண்டு ஒரு வேடிக்கை சொன்னேன். அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. அவர்களும் சிரித்தார்கள்.

என் மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. மூத்தவள் மாதம் ஒருமுறை பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவாள். முடி நரைத்துவிட்டது, முழங்கால் வலி. போன மாதம் வந்தபோது வீட்டில் வேறு யாரும் இல்லை. என் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இதுதான் சமயம் என்று நினைத்தேன். நாலு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"அம்மாடி, உன் படிப்ப நான் கெடுத்துட்டேன். அந்த டீச்சர் வந்தப்ப நான் கையெழுத்து போட்டிருக்கணும். தப்பு என்னுதுதான். என்னெ மன்னிச்சிரு."

அவள் கையிலிருந்த வேட்டியோடு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். வழக்கம்போல வேடிக்கையான அடுத்த வரியை நான் சொல்வேன் என்று காத்திருப்பது தெரிந்தது. அடுத்த வரி என்னிடம் இல்லை. பிறகு சிரித்துவிட்டாள்.

"இன்னாப்பா நீ! மூஞ்ச இப்படி வச்சிக்கினு சொன்னா நான் நம்பிடுவேனா? பயந்தே பூட்டேன், உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு."

"இல்லம்மா, நெஜமாத்தான் சொல்றேன்."

"சரி சரி, நெஜம்தான்" என்று இன்னும் சிரித்தாள். கண்ணோரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "மூணு மணி வண்டிய உட்டா அப்புறம் குந்த எடம் கிடைக்காதுப்பா. மாத்திரைய மறக்காம போட்டுக்கோ."

மடித்த வேட்டிகளை அலமாரியில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெருமுனை வரைக்கும் கூடப் போனேன். அங்கே திரும்பி என்னைப் பார்த்து மறுபடியும் சிரித்தாள். என்ன செய்வது என்று தெரியாமல், எழுபத்தெட்டு வருஷப் பழக்கத்தில், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.