முத்தாயி வெட்டாத முடி

முத்தாயிக்குச் சுருட்டை முடி. விரலை உள்ளே விட்டால் விரலையே பிடித்துக்கொள்ளும் சுருட்டை. மலாயாவில் பகா என்ற ஊருக்குப் பக்கத்திலிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களைவிட, ‘குருவிக்கூடு’ என்று கூப்பிட்டவர்கள்தான் அதிகம்.

சின்ன வயதில் காய்ந்த தலையில் சீப்பைப் போட்டு இழுப்பாள். சீப்பின் பல்லும் உடையும், முடியும் கொத்தாக வரும். கல்யாணமான பிறகுதான் தானே ஒரு வழி கண்டாள். சவுக்காரத்தைத் தலையில் தேய்ப்பதை விட்டாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்து ஓரத்தில் கேட்பாரற்று வளர்ந்திருந்த செம்பருத்தியின் இலையைப் பறித்து, வழவழவென்று கசக்கித் தேய்த்தாள். அரிசி களைந்த தண்ணீரை ஒரு நாள் புளிக்க வைத்துக் கடைசியாக ஊற்றினாள். ஈரம் சொட்டும்போதே விரலால் சிக்கெடுத்து, பிறகு சீப்பை எடுப்பாள். அது புருஷன் அர்ச்சுனன் மூங்கிலில் செதுக்கிய, ஆறே பல் உள்ள சீப்பு. நைந்த கைலித் துணியில் ஒற்றி, உள்ளங்கையில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டால் முடிந்தது. காசு கொடுத்து வாங்கியது அந்த எண்ணெய் ஒன்றுதான். கருகருவென்று சுருள் சுருளாகத் தொங்கும் முடியைப் பார்த்து, “பணக்கார வீட்டு முடிடி உனக்கு” என்பாள் பக்கத்து வீட்டு வள்ளிநாயகி.

வெள்ளைக்காரர் ஆட்சியில் அவசரகாலம் வந்ததும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்தது. காட்டுக்குள் இருந்து ஆட்சியோடு சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று அரிசியை அளந்து கொடுத்தார்கள். காலையில் ரப்பர்ப் பாலுக்கு மரம் சீவப் போகிறவர்கள் கேட்டைத் தாண்டும்போது ஒரு பிடிச் சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. பெண்களைச் சோதிக்க மாரியம்மா என்றொருத்தியை வேலைக்கு வைத்திருந்தார்கள். மற்றவர்களை இடுப்பைத் தட்டிப் பார்த்து விட்டுவிடுவாள். முத்தாயியிடம் மட்டும் கொண்டையை அவிழ்த்து, பத்து விரலையும் உள்ளே விட்டுத் துழாவுவாள். ஞாயிற்றுக்கிழமை பாடுபட்டுச் சேர்த்த சுருளெல்லாம் திங்கட்கிழமை காலையில் பஞ்சாகப் பிரிந்துவிடும். முத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

அப்படியொரு திங்கட்கிழமைதான் மாரியம்மாவின் விரலில் மூன்று நொய் ஒட்டிக்கொண்டு வந்தது.

“அரிசி!” என்று கத்தினாள் அவள்.

காவல் சார்ஜன் ஓடி வந்தார். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் வீரமுத்துவும் வந்தார்.

“தலைக்குள்ள வச்சு எவனுக்குடி கொண்டு போற?” என்றார் மண்டோர்.

“அரிசி களஞ்ச தண்ணில தல அலசுனேன் மண்டோரே. சரியா வடிகட்டல, ஒட்டிக்கிச்சு. மூணு நொய்யில எத்தன பேருக்குச் சோறாக்கலாம்னு நீங்களே சொல்லுங்க.”

மண்டோர் அதைத் தமிழ் தெரியாத சார்ஜனிடம் மலாயில் சொல்லாமல் மென்று விழுங்கினார். முத்தாயியே சார்ஜன் பக்கம் திரும்பி, மூன்று விரலை நீட்டினாள். “தீகா பிஜி சஜா, துவான்! மூணே மூணு!”

சார்ஜனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சுற்றி அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு உத்தரவு போட்டார்: ஜெயில் வேண்டாம், நாளைக் காலைக்குள் முடியை ஒட்ட வெட்டிவிட்டு வரவேண்டும். இல்லையென்றால் கேட்டு திறக்காது, வேலையும் இல்லை.

சாயங்காலம் அர்ச்சுனன் கத்தரிக்கோலோடு வந்தான். “வெட்டிடு புள்ள. முடிதானே லா, வளந்துட்டுப் போவுது.”

“முடி வளரும். குனிஞ்ச தல நிமிருமா?” என்றாள் முத்தாயி. “நான் திருடல. திருடாதவ எதுக்கு மொட்ட போடணும்?”

 அர்ச்சுனன் கத்தரிக்கோலைக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டான்.

அவள் நேராகப் பைப்படிக்குப் போனாள். தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களிடம் நடந்ததைச் சொன்னாள்.  ஊரடங்கு, துப்பாக்கி, புருஷன்மார் வேலை என்று ஆளுக்கொரு பயம். கடைசியில் வள்ளிநாயகி குடத்தைக் கீழே வைத்தாள்.

“இன்னிக்கு அவ முடி. நாளைக்கு நம்ம சேலையையும் அவுக்கச் சொல்லுவானுங்க. நான் வரேன்டி.”

மறுநாள் விடியும்போது கேட்டில் நாற்பது பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள். முதலில் முத்தாயி. ஒரு முடியும் குறையவில்லை.

“நல்லாத் தேடுக்கா. அவசரமே இல்ல. எங்க எல்லார் தலையிலயும் தேடு. ஒரு நொய் தப்பிச்சாலும் உன் வேலைக்கு ஆபத்து,” என்றாள் மாரியம்மாவிடம்.

நாற்பது தலை. மாரியம்மா ஏழாவது தலைக்கு வருவதற்குள் கை சோர்ந்துவிட்டாள். ரப்பர் மரம் யாருக்காகவும் காத்திருக்காது. வெயில் ஏறினால் பால் இறங்காது. சூரியன் மரத்துக்கு மேலே வந்தபோதும் வாளிகளெல்லாம் கேட்டுக்கு உள்ளேயே காலியாகக் கிடந்தன. தகவல் போய்த் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஜீப்பில் வந்து இறங்கினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். சார்ஜனைத் தனியே கூட்டிப் போய்ச் சூடாக ஏதோ பேசினார்.

திரும்பி வந்த சார்ஜன் முத்தாயியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: கொண்டையை அவிழ்த்து உதறிக் காட்டினால் போதும், யாரும் கையை விட வேண்டாம், முடியை வெட்டவும் வேண்டாம்.

மண்டோருக்கு மட்டும் பொறுக்கவில்லை. அந்த வாரமே அவளைத் தோட்டத்தின் கோடியிலிருந்த மேட்டுக்காட்டுக்கு மாற்றினார். அங்கே ஏறினால் முழங்கால் கழன்றுவிடும், அட்டையும் அதிகம். பழைய இடம் வேண்டுமானால் வந்து கேட்கட்டும் என்று ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார். எட்டு மாதம் அந்த மேட்டில் மரம் சீவினாள் முத்தாயி. போய்க் கேட்கவே இல்லை. தினமும் காலையில் கேட்டின் நடுவில் நின்று, கொண்டையை அவிழ்த்து, மண்டோர் முகத்துக்கு நேராக ஓங்கி ஓர் உதறு உதறிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறினாள்.