குடோன் வாசலில் சோதனை

எழுபதுகளின் கடைசியில் போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் சூப்பர்வைசராக இருந்தேன். மலையிலிருந்து வரும் காயைத் தரம் பிரிக்க நாற்பது பெண்கள் வரை வருவார்கள். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது மடியில் காய் இருக்கிறதா என்று வாசலில் சோதிப்பது அந்தக் காலத்தில் எல்லா குடோன்களிலும் வழக்கம். எங்கள் வாசலில் நின்றவர் முதலாளிக்கு ஒருவகையில் சொந்தம். ஐம்பதைத் தாண்டியவர், நெற்றி நிறைய திருநீறு. எல்லாப் பெண்களையும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

நான் உள்ளே எடை போடும் இடத்தில் இருப்பேன். மூட்டை அடுக்கு மறைத்திருந்ததால் வாசல் எனக்குத் தெரியாது.

ஒருநாள் எல்லோரும் கிளம்பிய பிறகும் பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி முறத்தைத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். புருஷனை இழந்தவள், அதிகம் பேசாதவள். பஸ்சுக்கு நேரமாகவில்லையா என்று கேட்டேன். வாசல் ஆள் டீ குடிக்கப் போகட்டும், பிறகு போகிறேன் என்றாள். ஏன் என்றதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சொன்னாள்.

"மடியத் தட்டிப் பாத்தா போதாதாண்ணே? காயி எங்கிட்டு இருக்கும்னு அந்தாளுக்குத் தெரியும். கைதான் வேற எங்கிட்டோ போகுது."

மறுநாள் சாயங்காலம் மூட்டைகளைத் தாண்டி, வாசல் தெரியும் இடத்தில் நின்று பார்த்தேன். வயதான பெண்களைத் தொடாமலே போகச் சொன்னார். இளம் பெண்களைத்தான் நிறுத்தினார். ஒவ்வொருத்தியும் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் வாய் மட்டும், "திரும்பு ஆத்தா, திரும்பு" என்று கொஞ்சிக்கொண்டே இருந்தது. போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் பதறக்கூட இல்லை.

"என்ன மாப்ளே, சோலியத்தான பாக்குறேன்" என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அந்தச் சிமிட்டலில் என்னையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். பிடித்த கையைத் தொட்டியில் நெடுநேரம் கழுவினேன்.

முதலாளியிடம் போனேன். நான் சொன்னதை அவர் ஒரு காயை உரித்து வாயில் போட்டு மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆள் நிற்பதால்தான் சரக்கு வெளியே போகாமல் இருக்கிறது, பொம்பளைகள் நாலு சொல்லத்தான் செய்வார்கள் என்றார். நானே கண்ணால் பார்த்தேன் என்றேன். சோதிக்க ஒரு வயதான பெண்ணைப் போடலாம் என்றும் சொன்னேன். யோசித்துவிட்டு, பெரிய மனது பண்ணுவதுபோல ஒரு வழி சொன்னார். அவரைப் போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டுக்கு அனுப்பிவிடலாமாம். அங்கே காய் எடுக்கும் பெண்களை மேய்க்க ஆள் வேண்டுமாம்.

மேய்க்க என்றுதான் சொன்னார். நான் நேராகப் போய் அதைத் தேவாரத்துப் பெண்ணிடம் சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். ஆனால் ஒருத்தியும் முறத்தை எடுக்கவில்லை. களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சரக்கு ஏற்ற லாரி வந்து நின்றது. முதலாளி முதலில் அதட்டினார். பிறகு, அதுதான் அவரை மேலே அனுப்புகிறேனே, இன்னும் என்ன என்று கேட்டார். அதிகம் பேசாத அந்தப் பெண் எழுந்தாள்.

"மேல இருக்குறவளுகளும் எங்க அக்கா தங்கச்சிகதான். அந்தாள எங்க வச்சிருந்தாலும் நாங்க காயத் தொடமாட்டோம்."

மதியத்துக்குள் அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். வெறுமனே அல்ல. வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, முதலாளியின் ஜீப்பிலேயே வீட்டில் இறக்கிவிட்டார்கள். வாசலில் நிற்க ஒரு வயதான பெண்மணி வந்தார். இளம் பெண்கள் அவரிடம் சிரித்துப் பேசிக்கொண்டே வெளியே போனார்கள்.

கொஞ்ச நாளில் பக்கத்துத் தெருக் குடோன் வாசலில் அதே ஆளைப் பார்த்தேன். அதே வேலை. அந்தக் குடோன் முதலாளியைப் பார்த்து நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் ஆச்சரியத்தோடு கேட்டார்.

"உங்க மொதலாளிதான தங்கமான ஆளுன்னு சொல்லிச் சேத்துவிட்டாரு?"

எங்கள் பெண்கள் அங்கிருந்தவர்களிடம் பேசி, அந்த இடத்திலும் அவரை நிலைக்கவிடவில்லை. நான் அந்த வருஷமே வேறு வேலைக்குப் போய்விட்டேன். வாசல் ஆளை நினைத்தால் இன்றும் அருவருப்புதான். காயை மென்றுகொண்டே என் பேச்சைக் கேட்ட அந்த வாயை நினைத்தால் அதைவிட அதிகம்.