கூடைக்குள் போகாத போன்

விஜயாவின் தலையில் அந்த வேலை வந்து விழுந்ததே ஒரு கூத்து. கல்கத்தா லேக் கார்டன்ஸில் அவள் கணக்கு டீச்சராக இருக்கும் பெண்கள் பள்ளியில் புது உத்தரவு போட்டார்கள். பள்ளி நேரத்தில் எந்த மாணவியிடமும் போன், ஸ்மார்ட் வாட்ச், காதில் செருகுகிற சமாசாரம் எதுவும் இருக்கக் கூடாது. காலையில் கேட்டிலேயே வாங்கி, கூடையில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்ட ஓர் ஆள் வேண்டும். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். ஒருத்தியின் நாத்தனார் பெண் பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். இன்னொருத்தியின் தெரு துர்கா பூஜைக் கமிட்டி முழுக்க மாணவிகளின் அப்பாக்கள். முகத்தை முறித்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

கடைசியில் பிரின்ஸிபால் விஜயாவைப் பார்த்துச் சிரித்தார். "பிஜோயாதி, நீங்கதான் சரி. உங்களுக்கு இங்க வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு யாருமே இல்லையே."

பாராட்டாம் அது! துறைமுகத்தில் வேலையாக இருந்த கணவர் சேஷாத்ரிக்கு மாற்றலானபோது கல்கத்தாவுக்கு வந்தவள். தலை நரைத்தாகிவிட்டது, வங்காளிகள் வாயில் விஜயா பிஜோயாதி, பிஜோயா அக்காவாகவும் ஆகிவிட்டாள், இன்னும் யாருமில்லாதவள்தான். எதிர்த்துப் பேசத் தெம்பில்லாமல் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

அன்று முதல் முழங்கால் வலியோடு கேட்டருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பெண்கள் முறைத்துக்கொண்டே போனைக் கூடையில் போட்டார்கள். சிலது கூடைக்கு ஒரு செத்த போன், பைக்குள் ஓர் உயிருள்ள போன் என்று வைத்திருந்தன. விஜயாவுக்கு இது தெரியாமலா இருக்கும்? பையைக் கொட்டித் தேட அவளுக்குச் சக்தியும் இல்லை, ஆசையும் இல்லை. கண்ணில் படாதவரை சரி என்று விட்டுவிட்டாள்.

பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பீரியட். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றவளுக்குக் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. கீதாஞ்சலியின் பையிலிருந்து.

கீதாஞ்சலி தமிழ்ப் பெண். காளிகாட் மெட்ரோ பக்கத்தில் காப்பிப்பொடி, அப்பளம், முறுக்கு விற்கும் செல்வராணியின் இளைய மகள். விஜயா வீட்டுக் காப்பிப்பொடி அந்தக் கடையில் அரைத்ததுதான்.

"என்னடி இது? காலம்பற கூடையில போட்டது என்ன?"

"மிஸ், ப்ளீஸ்... அதை எடுக்காதீங்க."

"எல்லாரும் ப்ளீஸ்னுதான் சொல்றேள்" என்று சொல்லிவிட்டு, போனை வாங்கிக் கொண்டுபோய் ஆபீஸ் பீரோவில் போட்டுப் பூட்டினாள்.

திரும்பி வந்து அடுத்த கணக்கைப் போட்டாள். பீரியட் முடிகிற நேரத்தில் கீதாஞ்சலியின் கை பென்சிலைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது. கார்த்திகை மாதக் குளிரில் அவள் நெற்றியில் வியர்வை. விஜயா அவளைப் பிடித்துத் தாங்கலாக வராந்தாவுக்கு அழைத்து வரவும், ஆட்டோவிலிருந்து குதித்து செல்வராணி ஓடிவரவும் சரியாக இருந்தது. கையில் பழச்சாறு டப்பா. இடுப்பில் இன்னும் கடை ஏப்ரன்.

விஜயாவைப் பார்த்ததும் செல்வராணி அப்படியே நின்றாள். "ஒண்ணுமில்ல டீச்சர்... காலைல சாப்பிடாம வந்துட்டா. அதான் மயக்கம்."

"சாப்பிடாம வந்தது உனக்கு எப்படித் தெரிஞ்சுது? யாரு போன் பண்ணினா?"

 தாய் பழச்சாற்றை மகளின் வாயில் வைத்துப் புகட்டினாள். பெண்ணின் சட்டைக் கை மேலே ஏறியபோது, தோளுக்குக் கீழே ஒட்டியிருந்த வெள்ளை வில்லை தெரிந்தது. விஜயா அதையே பார்த்தாள். செல்வராணிதான் உடைந்துபோய்ச் சொன்னாள்.

சின்ன வயதிலேயே வந்த சர்க்கரை. இன்சுலின் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. அந்த வில்லை ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று போனுக்குச் சொல்லும். போன், கடையில் இருக்கும் தாயின் போனுக்குச் சொல்லும். சர்க்கரை இறங்கினால் கீச்சென்று கத்தும். இன்றைக்குக் கத்தியது, அப்புறம் தாயின் போனில் எண்ணே வராமல் போய்விட்டது. உடனே ஓடிவந்துவிட்டாள்.

 வகுப்பில் எதையும் எடுத்துத் தின்னக் கூடாது என்று சட்டம் போட்டவளும் விஜயாவேதான். "பாவி, ஸ்கூல்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? டாக்டர் கிட்ட எழுதி வாங்கிக் குடுத்தா போனை விட்டுடுவாளே!"

"பெங்காலி டீச்சர் யாராச்சும் இருந்திருந்தா முதல் நாளே சொல்லிருப்பேன். நீங்க உக்காந்திருக்கியன்னுதான் சொல்லல." செல்வராணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்கிடாதீங்க. தமிழ் ஆளுக ஒருத்தருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிரும். மூத்தவளுக்குத் தை மாசம் கல்யாணம். குடும்பத்துல வியாதின்னு மாப்பிள்ளை வீட்டுல ஒரு பேச்சு வந்துட்டா?"

"பிரின்ஸிபால்கிட்ட மட்டும் சொல்றேனே."

"ஆபீஸ்ல சிவராமகிருஷ்ணன் சார் இருக்காரே டீச்சர்! அவரு மாப்பிள்ளையோட மாமாவுக்குச் சிநேகிதம். தை வரைக்கும் பொறுத்துக்கோங்க. உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன்."

என்னத்தைச் சொல்ல! பதறிப்போயிருந்த நேரம், விஜயா வாக்குக் கொடுத்துவிட்டாள். போனை எடுத்துப் பெண்ணிடமே கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பாடம் நடத்துவதே பாதி உயிர் போகிற காரியமாகிவிட்டது. எந்த வகுப்பில் இருந்தாலும் காது ஒன்பதாம் வகுப்புப் பக்கமே இருந்தது. பைக்குள் பிஸ்கட், மிட்டாய் வாங்கிப் போட்டுக்கொண்டாள். வராந்தாவில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியே அந்த முகத்தைத் தேடுவாள். வீட்டுக்கு வந்தால் சேஷாத்ரியிடம்கூட வாயைத் திறக்க முடியாது. காப்பியைக் கையில் வைத்தபடியே தூங்கிவிழுவாள்.

மற்ற பெண்களுக்குக் கண் இல்லையா? எங்கள் போனெல்லாம் கூடைக்குள், கீதாஞ்சலியின் போன் மட்டும் பைக்குள். பேச்சு வீட்டுக்குப் போயிற்று, வீட்டிலிருந்து பெற்றோர் கூட்டமாகத் திரும்பி வந்தது. மதராஸி டீச்சர் மதராஸிப் பெண்ணுக்குச் சலுகை காட்டுகிறாளாம்.

பிரின்ஸிபால் கூப்பிட்டார். "உண்மையா பிஜோயாதி?"

"உண்மைதான்."

"ஏன்?"

விஜயா கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் சிவராமகிருஷ்ணன் பிரிண்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"காரணம் சொல்ல மாட்டீங்கன்னா, திங்கக்கிழமை காலைல எல்லார் முன்னாடியும் அந்தப் போனை வாங்கிக் கூடையில போடுங்க. நானும் கூட நிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை விஜயா கடைக்குப் போனாள். "செல்வராணி, என்னை விட்டுடேன். சொல்லிடறேன். என்னால முடியலைடி." கடையில் கூட்டம். செல்வராணி காப்பிக்கொட்டையை அரவையில் கொட்டியபடியே, "இன்னும் ஒரு மாசந்தான டீச்சர்" என்றாள். மிஷின் இரைச்சலில் அதற்கு மேல் பேச முடியவில்லை. பேசவும் விஜயாவுக்குத் தெம்பில்லை.

திங்கட்கிழமை பிரின்ஸிபால் கூடைக்கு அருகில் வந்து நின்றார். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். இன்றைக்கு என்ன நடக்கிறது பார்ப்போம் என்று போனைப் போட்டவர்களும் வகுப்புக்குப் போகாமல் ஓரமாக நின்றார்கள். கீதாஞ்சலி போனைக் கையில் பிடித்தபடி வந்தாள். விஜயா கையை நீட்டவில்லை. வாக்காவது மண்ணாவது, சொல்லிவிடுவது என்றே முடிவு செய்து வாயைத் திறந்தாள்.

அதற்குள் அந்தப் பெண் தோளிலிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிக் கூடைமேல் போட்டாள். சட்டைக் கையைச் சுருட்டினாள். வெள்ளை வில்லை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. தமிழைவிட அவளுக்கு நன்றாக வரும் வங்காள மொழியில், கணீரென்று சொன்னாள். "எனக்குச் சின்ன வயசுலேர்ந்து சர்க்கரை வியாதி. போன் இல்லேன்னா நான் மயங்கி விழறது எங்கம்மாவுக்குத் தெரியாது. மிஸ் சலுகை ஒண்ணும் காட்டலை. வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்க."

பிறகு விஜயாவின் பக்கம் திரும்பி, தமிழில், மெதுவாக, "எனக்கு அலுத்துப்போச்சு மிஸ்" என்றாள்.

அந்த வயதுக்கு வரவேண்டிய அலுப்பா அது?  இத்தனை நாளும் விஜயா தன் முழங்காலையும் தன் தூக்கத்தையும் நினைத்துத் தன்மேலேயே இரக்கப்பட்டுக்கொண்டிருந்தாளே, இந்தக் குழந்தை எத்தனை வருஷமாக ஒளித்துச் சுமந்திருக்கிறது! ஸ்வெட்டரை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டாள். பிரின்ஸிபால் போனை அந்தப் பெண்ணின் கையிலேயே வைத்து மூடினார். ஆபீஸ் வாசலில் சிவராமகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

விஜயா லீவு சொல்லிவிட்டு நேரே காளிகாட்டுக்குப் போனாள். மற்றவர் வாயால் போவதற்கு முன் தன் வாயாலேயே போகட்டும் என்று, நடந்ததைச் செல்வராணியிடம் சொன்னாள்.

செல்வராணி கத்துவாள் என்றுதான் எதிர்பார்த்தாள். கத்தவில்லை. "எல்லாரு முன்னாடியுமா சொன்னா?"

"எல்லார் முன்னாடியும்."

"அழுதாளா?"

"அழலை."

செல்வராணி காப்பிக்கொட்டை மூட்டைமேல் உட்கார்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அவள்தான் அழுதாள். வாசலில் வந்து நின்ற வங்காளி பாபு ஒருவர் காப்பிப்பொடி கேட்டார். "ஏக்டு தாரான், தாதா" என்று விஜயா அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்வராணி போனை எடுத்தாள். அதில் மகளின் எண் ஓடிக்கொண்டிருந்தது, இறங்காமல் சரியாகவே இருந்தது. அதை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளை வீட்டு நம்பரைத் தேடி அழுத்திக் காதில் வைத்தாள். இன்னொரு கை விஜயாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

"மதினி, நான் செல்வராணி பேசுதேன். கல்யாண விஷயமில்ல. எங்க சின்னவளப் பத்தி நானே உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."