காலில் வந்த சிவப்புப் புள்ளிகள்

கல்யாணமாகி டில்லிக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் என் முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் வந்தன. கூடவே மூன்று வாரமாக விடாத லேசான ஜுரம். "கம்பளி சாக்ஸ் ஒத்துக்கலை" என்று மாமியார் தீர்ப்புச் சொல்லி, தேங்காய் எண்ணெய் தடவினார். எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

எனக்கோ வேறு பயம். பிறவியிலேயே என் இதயத்தில் சின்ன ஓட்டை. பல் பிடுங்குவதானால்கூட டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லி மருந்து வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கிருமி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும் என்று சிறுவயதிலேயே எச்சரித்திருந்தார்கள். கல்யாணப் பேச்சில் என் பெற்றோர் அதை மூடி மறைத்தார்கள். கணவருக்கும் தெரியாது. தீபாவளிக்கு முன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது மாமியார் பக்கத்திலேயே இருந்து, இந்தியில் பேசுவதற்கெல்லாம் அர்த்தம் கேட்டுக்கொண்டிருந்ததால், ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துவிட்டேன்.

தோல் டாக்டரிடமும் அவர்தான் கூட வந்தார். ரத்தக் குழாய்கள் வீங்கியிருக்கின்றன என்று சொல்லி டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, முன்பு ஏதாவது வியாதி உண்டா என்று இந்தியில் கேட்டார். 'இல்லை' என்பது நுனிநாக்கு வரை வந்துவிட்டது. உயிரே போனபின் கல்யாணம் நிலைத்து என்ன பயன் என்று என்மேலேயே கோபம் வந்தது. ஓட்டையையும் பல்லையும் சொல்லிவிட்டேன்.

டாக்டர் எழுதியதைக் கிழித்துப் போட்டார். என் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இதயத்தில் கிருமி தாக்கியதால்தான் காலில் இப்படி இருக்கும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

காய்கறி பேரத்துக்கு மேல் இந்தி தெரியாத மாமியார், "என்னடி சொல்றார்?" என்றார். தமிழில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சொன்னேன். அவரே வெளியே ஓடி ஆட்டோ பிடித்தார்.

ஆறு வாரம் பென்சிலின் ஊசி. மாமியார் தினமும் பஸ் பிடித்து ரசம் சாதத்தோடு வருவார். வந்ததும் போர்வையை விலக்கிக் கால்களைத்தான் பார்ப்பார். ஜுரம் விட்டது, புள்ளிகள் மங்கின. பிழைத்துவிடுவேன் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்த ஒரு நாள் அவர் வெடித்தார்.

"எங்கிட்ட மறைச்சே, சரி, நான் மாமியார். பல் டாக்டர்கிட்டயுமா மறைப்பா? அசடு!"

நான் அழுதேன். அவரும்தான்.

இரண்டு வருஷம் கழித்து இன்னொரு பல் ஆடியது. பல் டாக்டர் அறைக்குள் நான் நுழைவதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "டாக்டர் சாப், இஸ்கா தில் மே சேத் ஹை! பஹலே தவாய்!" இவள் இதயத்தில் ஓட்டை, முதலில் மருந்து. யாரிடம் கேட்டு எத்தனை நாள் மனப்பாடம் செய்தாரோ, நான் சொல்ல அவர் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.