பெர்மிஷனுக்குப் பக்கத்துச் சொற்கள்

தோட்ட ஆபீசில் இங்கிலீஷ் கடிதம் எழுதிப் பிழைத்தவர்களே, உங்களுக்குத் தெரியும்: ஒரு சொல்லைக் கற்றுக்கொள்வது சுலபம், அதற்குப் பக்கத்தில் எதைப் போடுவது என்பதுதான் உயிரை வாங்கும். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் மலாயாவில் அவசரகாலம் போட்டிருந்தபோது, ரெம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது இளநிலை குமாஸ்தா. எனக்கு வாய்த்த சொல் 'பெர்மிஷன்'.

கோப்பே வாத்தியார்

தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. எதற்கும் பெர்மிஷன் வேண்டும். பழைய கடிதக் கோப்பைப் புரட்டி, அந்தச் சொல்லோடு வந்ததையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன்: ரெஃப்யூஸ்ட், வித்ட்ரான், கேனாட் பி கிராண்டட். ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலுவுக்குப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஏங் கிராணி, எல்லாம் மாட்டேன்னு சொல்றதாவே இருக்கே. கேக்குறதுக்கு ஒண்ணும் இல்லியா?"

திருவிழா மேளம்

மாரியம்மன் திருவிழாவுக்கு மந்தின் ஊரிலிருந்து மேளக்காரர்கள் வர வேண்டும். பெர்மிஷன் கேட்டுத் தோட்டத் துரைக்கு எழுதும் வேலை என்னுடையது. வருத்தம் தெரிவிக்காமல் தொடங்கும் ஆபீஸ் கடிதத்தை நான் பார்த்ததே இல்லை. அதனால் 'ஐ ரிக்ரெட்' என்று தொடங்கினேன். பிறகு கை தன்பாட்டில் ஓடி, பெர்மிஷன் தர இயலாது என்று முடித்துவிட்டது. துரை படித்துவிட்டுத் தன் மலாய் கலந்த தமிழில் சொன்னார்:

"பாகுஸ், ரொம்ப நல்லது கிராணி! நான் சொல்ற 'நோ' நீயே சொல்லியாச்சு."

அஞ்சலையின் தூக்குச்சட்டி

ரப்பர் பால் வெட்டும் அஞ்சலையின் புருஷன் சிரம்பான் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்தார். அங்கே கொடுப்பதைத் தொடமாட்டார், உடம்பு துரும்பாகிவிட்டது. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, ஒரு பிடி சோறும் கேட்டைத் தாண்டக்கூடாத காலம். ரசஞ்சோற்றோடு எட்டு மணிக்கே வந்து நின்றாள்.

மேளத்தில் பட்ட அவமானம் எனக்கு. 'கிராண்ட்' போடுவதா, 'கிவ்' போடுவதா என்று மூன்று தாள் கிழித்தேன். போலீஸ் துரை கையெழுத்துப் போட்டபோது மணி பதினொன்று. அன்றைக்கு இருந்த ஒரே பஸ் பத்துக்கே போய்விட்டது.

"பெர்மிஷன் கெடச்சிருச்சு கிராணி. அந்த மனுசந்தான் வாசலப் பாத்துக்கிட்டே கெடப்பாரு."

வெட்கத்தில் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள்

'ப்ளீஸ் கிவ் பெர்மிஷன், ஹஸ்பண்ட் ஈட்டிங் நத்திங்' என்று நின்றபடியே எழுதினேன். போலீஸ் துரை உடனே கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் அஞ்சலை காலிச் சட்டியோடு ஆபீசுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"வழிச்சுத் தின்னுட்டாரு கிராணி. நாளைக்கு ஒங்களுக்கும் ரசம் கொண்டாறேன். கேட்டுக்கு உள்ளதானே, பெர்மிஷன் வேணாம்லா!"

இங்கிலீஷ் எப்போது பிடிபட்டது என்று கேட்பவர்களிடம், ஒரு நோயாளியை ஒரு நாள் கூடுதலாகப் பட்டினி போட்ட பிறகு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.